பிஎச்.டி. மாணவர் ஆய்வாளர் ஆவது எப்படி: பதிவிலிருந்து வைவா வரை ஒரு முழு வழிகாட்டி

பதிவுக் கடிதம் வந்த நாளில் பல்கலைக்கழகம் ஒருவரை 'ஸ்காலர்' என்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்த மாலையில் 'டாக்டர்' என்று கைகுலுக்குகிறது. இடைப்பட்ட நாலைந்து வருடங்களில் அவர் எந்த இடத்தில் ஆய்வாளர் ஆனார் என்பதற்கு விதிமுறைகளில் ஒரு வரி கூடக் கிடையாது. அதனால்தான் பலர் கோர்ஸ்வொர்க், கமிட்டி, சினாப்சிஸ், தீசிஸ் என்று எல்லாப் படிகளையும் ஒழுங்காகத் தாண்டிவிட்டு, கடைசிவரை 'இன்ன சாரோட ஸ்டூடண்ட்' என்ற அறிமுகத்தோடே நின்றுவிடுகிறார்கள்.

ஒரு கூற்றைத் தன் பெயரில் சொல்லி, அதை எதிர்த்துக் கேட்பவருக்குத் தானே பதில் சொல்லப் பழகியவர்தான் ஆய்வாளர். அந்தப் பழக்கத்தை எந்தக் கட்டத்தில், எந்த வேலையின் வழியாக வளர்த்துக்கொள்வது என்று இங்கே பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. விதிமுறைகளின் கீழ் பதிவு செய்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

மானுடவியலாளர் ஜீன் லேவ், லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகியவர்களைக் கவனித்தார். அவர்கள் முதலில் பொத்தான் தைத்தார்கள், ஓரம் மடித்தார்கள். பிறகு துண்டுகளை இணைத்தார்கள். துணியை வெட்டும் வேலை கடைசியில்தான் கைக்கு வந்தது. 1991-இல் அவரும் எடியென் வெங்கரும் முன்வைத்த கருத்து இதிலிருந்தும் இது போன்ற பிற தொழில்களிலிருந்தும் வளர்ந்தது: ஒரு தொழிலின் ஓரத்து வேலைகளை நிஜமாகவே செய்துகொண்டு நடுவுக்கு நகர்பவர், அப்படி நகரும்போதே அந்தத் தொழிலின் ஆளாகவும் ஆகிறார். நம் பிஎச்.டி. இதைத் தலைகீழாகச் செய்கிறது. சேர்ந்த முதல் மாதமே 'டாபிக் சொல்லுங்க' என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே பொத்தான் தைக்கும் வேலைகளை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் காலக் கணக்கு

2022 விதிமுறைப்படி கோர்ஸ்வொர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை உண்டு. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட், தேர்ச்சிக்கு 55 விழுக்காடு. ஆய்வு நெறிமுறை, வெளியீட்டு நெறிமுறை பற்றிய 2 கிரெடிட் பாடம் கட்டாயம்.

இதெல்லாம் குறைந்தபட்சம்தான். உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த ஒழுங்குமுறைப் புத்தகம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். சேர்ந்த வாரத்திலேயே அதை இறக்கி, முழுதாகப் படித்து, தேதிகளை ஒரே தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். 'சீனியர் சொன்னாங்க' என்பதை நம்பித் தேதி தவறவிட்டவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. சீனியர் வேறு விதிமுறையின் கீழ் பதிவு செய்தவராக இருப்பார்.

பெயரை முடிவு செய்யுங்கள்

சின்ன விஷயம் போலத் தெரியும். தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இதுதான் முதல் ஆய்வு முடிவு.

முருகனின் மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிச் சான்றிதழில் 'மு. கவிதா'. இதழின் இணையப் படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. முதல் கட்டத்தில் இனிஷியலையும் இரண்டாவதில் கவிதாவையும் போட்டால் உலகம் அவரைக் 'கவிதா மு.' என்று மேற்கோள் காட்டும். அடுத்த கட்டுரையில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி 'கவிதா முருகன்' என்று போடுகிறார். இப்போது மேற்கோள் 'முருகன் க.' என்று வரும். உழைத்தது மகள், பட்டியலில் நிற்பது அப்பா. தரவுத்தளங்களுக்கோ இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றினால் மூன்றாவது ஆளும் முளைப்பார்.

நமக்குத் தோதான வழி, தகப்பன் பெயரை விரித்து முன்னால் வைத்து, சொந்தப் பெயரைக் கடைசியில் நிறுத்துவது. ஸ்ரீனிவாச ராமானுஜன், சுப்ரமணியன் சந்திரசேகர் இருவர் பெயரும் இந்த அமைப்புதான். அதனால்தான் தேற்றங்களும் வான்இயற்பியல் வரம்பும் அவரவர் சொந்தப் பெயரிலேயே வழங்குகின்றன. வேறு அமைப்பு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்து, அதன் பிறகு ஓர் எழுத்துக்கூட மாற்றக் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் இதே கண்டிப்பு.

பெயர் முடிவானதும் அதே நாளில்:

1. ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID) தளத்தில் 16 இலக்க எண் வாங்குங்கள். இலவசம், பத்து நிமிட வேலை. பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துப் பதியுங்கள்; பட்டம் முடிந்ததும் முன்னது மூடப்படலாம். பெயரின் மற்ற வடிவங்களைப் போட அங்கே தனி இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.

2. கூகுள் ஸ்காலர் பக்கம் திறந்தால், கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். குமார், லட்சுமி, செந்தில் போன்ற பெயர்களுக்கு அடுத்தவர் கட்டுரைகள் வந்து குவியும். அவற்றை நீக்காமல் விட்டு, நேர்காணலில் அகப்பட்டுக்கொண்டால் விளக்கம் எடுபடாது.

3. ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் ஆசிரியர் எண்ணை நீங்கள் வாங்க வேண்டியதில்லை, அதுவே உருவாக்கும். வருடத்துக்கு ஒரு முறை தேடிப் பார்த்து, இரண்டாகப் பிரிந்திருந்தால் இணைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

'தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு.' இப்படி ஒரு தலைப்பை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாது என்பதுதான் அதன் குறை.

அடுத்த படி: 'தருமபுரி மாவட்டக் கிணறுகளில் ஃபுளோரைடு அளவு.' பரவாயில்லை, எதை அளப்பது என்று தெரிகிறது. முடிவில் ஓர் அட்டவணை கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பை எத்தனை கிணறுகள் தாண்டின என்று சொல்லலாம். ஆனால் அது நீர் வாரியத்தின் வேலையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது படி: 'பென்னாகரம் வட்டத்தில் ஒரே வகைப் பாறைமேல் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கிணறுகளில் ஒன்று வரம்பைத் தாண்டி, மற்றது தாண்டாமல் இருந்தால், அதற்குக் கிணற்றின் ஆழம் காரணமா, நீர் பாறையோடு தங்கும் காலம் காரணமா?' இப்போது ஒருவர் எழுந்து 'ஆழம் இல்லை, உரம்தான் காரணம்' என்று சண்டைக்கு வரலாம். நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

மொழி, இலக்கியத் துறைகளிலும் கதை இதேதான். 'சங்க இலக்கியத்தில் பெண்கள்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பு நூலகத் தட்டுகளில் நிறையவே இருக்கிறது. அதற்குப் பதிலாக: 'குறுந்தொகைப் பாடல்களின் கூற்றுக் குறிப்புகள் பிற்காலத்தில் சேர்ந்தவை, அவற்றை மறைத்துவிட்டுப் படித்தால், தோழி கூற்று என்று குறிக்கப்பட்டவற்றில் எவற்றைத் தலைவி கூற்றாகவும் கொள்ள இடமிருக்கிறது?' இதில் ஒருவர் உட்கார்ந்து பாடல் பாடலாக எண்ணலாம், தவறு என்றும் காட்டலாம்.

பயிற்சி இதுதான். ஒரு நோட்டில் கேள்வியை மாதத்துக்கு ஒரு முறை, 30 சொல்லுக்குள், தேதி போட்டு எழுதுங்கள். பழையதை அடிக்காதீர்கள். ஒரு வடிவம் உங்கள் துறை ஆளுக்கு, இன்னொன்று வீட்டில் கேட்பவருக்கு, தமிழில். 'இன்னும் படிச்சிட்டா இருக்கே?' என்று கேட்கும் சித்தப்பாவுக்குப் புரியும்படி சொல்ல முடியாத கேள்வி, பெரும்பாலும் ஆய்வாளருக்கே இன்னும் பிடிபடாத கேள்வி. ஆறு மாதம் ஒரு சொல்லும் மாறவில்லை என்றால் நீங்கள் படிக்கவில்லை என்று பொருள். மாதா மாதம் முழுதாக மாறினால், கடைசியாகப் படித்த கட்டுரையின் பின்னாலேயே போகிறீர்கள்.

வாசிப்பு: குறிப்பு வேறு, தீர்ப்பு வேறு

எம்.ஏ., எம்.எஸ்சி. பழக்கத்தில் நாம் படிப்பது சுருக்கி எழுதுவதற்காக. இங்கே அது போதாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் அரைப் பக்கம், ஐந்து வரி: என்ன சொல்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், ஆதாரம் கூற்றைத் தாங்குகிறதா, யாரை மறுக்கிறார், எனக்கு எங்கே உதைக்கிறது. ஐந்தாவது வரி காலியாக இருந்தால் அந்தக் கட்டுரையை நீங்கள் படித்ததாகக் கணக்கில்லை. வாரத்துக்கு மூன்று கட்டுரை இப்படிப் படித்தால் வருடத்தில் 150. இலக்கிய மதிப்பாய்வு இயலுக்கு அது தாராளம்.

மேற்கோள் மேலாண்மைக்கு ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசம். முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள். தீசிஸ் முடியும்போது 200 மேற்கோள்களைக் கையால் அடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பாவம். இதழ்கள் கிடைக்கவில்லை என்ற பழைய காரணமும் ஓரளவு தீர்ந்துவிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் நூலகரிடம் கேட்டு வீட்டிலிருந்து நுழையும் வழியை வாங்கிக்கொள்ளுங்கள்.

நூறு கட்டுரை தாண்டியதும் ஒரு தாளில் பெயர்களை வரைந்து பாருங்கள்: யார் யாரோடு மோதுகிறார், நீங்கள் எந்தப் பக்கம், எங்கே இருவரோடும் ஒத்துப்போகவில்லை. உங்கள் துறையில் நீங்கள் நிற்கும் இடம் அந்தத் தாளில்தான் முதலில் தெரியும்.

கைடும் கமிட்டியும்

ஆய்வு ஆலோசனைக் குழு முன் செமஸ்டருக்கு ஒரு முறை முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் இதை டாக்டரல் கமிட்டி என்பார்கள். முன்னேற்றம் போதாது என்று குழு கருதினால் காரணத்தைப் பதிவு செய்து திருத்தம் சொல்லும். அதையும் செய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். அதனால் மாணவர்கள் இதைப் பரீட்சையாகப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயத்தில் நடப்பது என்னவென்றால், உறுப்பினர் கேட்கும் கேள்விக்குக் கைடு பதில் சொல்லிவிடுவார். மாணவர் நிம்மதியாகத் தலையாட்டுவார். அந்த அரை மணி நேரத்தில் ஆய்வு யாருடையது என்பது அறைக்கே தெரிந்துவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு முறை:

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு இரண்டு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். முதல் பக்கத்தில் கேள்வி, போன முறை குழு சொன்னவை, ஒவ்வொன்றுக்கும் செய்தது. இரண்டாம் பக்கத்தில் புதிய முடிவு ஒன்று, உங்களுக்கே சந்தேகமான இடம் ஒன்று, குழுவிடம் கேட்க விரும்பும் இரண்டு கேள்விகள். சந்தேகத்தை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அதைத் துருவிக் கண்டுபிடிக்கும் வேலை அவர்களுக்கு மிச்சம். பேச்சு மேலே போகும்.

ஸ்லைடு பத்துக்கு மேல் வேண்டாம். கைடிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவையுங்கள்: 'சார், கேள்விகளுக்கு முதல்ல நானே பதில் சொல்லிப் பார்க்கறேன், தப்பாப் போனா நீங்க எடுத்துக்கங்க.' பெரும்பாலான கைடுகளுக்கு இதில் சந்தோஷம்தான். கூட்டம் முடிந்து 48 மணி நேரத்துக்குள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒரு வருடம் கழித்து 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று யாராவது சொன்னால் இந்தத் தாள் காப்பாற்றும்.

கைடோடு கருத்து வேறுபடுவதுதான் நம் ஊரில் எல்லாவற்றையும்விடக் கடினம். நேரில் 'இல்லைங்க சார்' என்று சொல்ல நாக்கு எழாது. சொல்லாமல் விட்டு, உள்ளுக்குள் புழுங்கி, சொன்னதை அரைமனதாகச் செய்பவர்கள்தான் அதிகம். கருத்தை விட்டுவிட்டுத் தரவை முன்னே வைத்தால் மரியாதையும் கெடாது, விஷயமும் நகரும். மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய சார், வணக்கம். மூன்றாம் இயலில் மாதிரிகளை மழைக்கு முன், மழைக்குப் பின் என்று பிரிக்கச் சொல்லியிருந்தீர்கள். பிரித்துப் பார்த்தேன். மழைக்குப் பின் எடுத்த 40 மாதிரிகளில் 31 ஒரே பிர்க்காவைச் சேர்ந்தவை. அதனால் பருவத்தின் விளைவா, இடத்தின் விளைவா என்று பிரிக்க முடியவில்லை. கிணற்றின் ஆழத்தை வைத்துப் பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு அட்டவணைகளையும் இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் காட்டுகிறேன்.'

இதில் சொன்னதைச் செய்து பார்த்தாயிற்று, அது ஏன் நிற்கவில்லை என்பதற்கு எண் இருக்கிறது, மாற்று இருக்கிறது, 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொந்தத் தீர்ப்பும் இருக்கிறது. கைடு மறுத்தாலும் அவர் காரணம் சொல்லித்தான் மறுக்க முடியும்.

கைடு வாரக்கணக்கில் கண்ணில் படவில்லை என்றால் வேறு பிரச்சினை. மாதத்துக்கு இரண்டு சந்திப்பு என்று முதலிலேயே தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர் வரை, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வழிகாட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் வாரத்தில் உங்கள் பங்கு சிறிது. எழுதாமல் வெறுங்கையோடு போகும் சந்திப்பு அதையும் வீணாக்கும்.

கட்டுரை வெளியிடுவது

2022 விதிமுறை, தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக வைத்திருக்கலாம், பாருங்கள். யுஜிசி ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரி அறிவிப்போடு கைவிடப்பட்டது. 'கேர் லிஸ்ட்ல இருக்கா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு இனித் தப்ப முடியாது. இதழின் தரத்தை ஆய்வாளரும் அவர் நிறுவனமும் தாங்களே எடைபோட வேண்டும். தொந்தரவுதான். ஆனால் இதழை எடைபோடத் தெரிவது ஆய்வாளரின் அடிப்படைத் திறன், அதை ஒரு பட்டியலிடம் கொடுத்திருந்ததே தவறு.

எடைபோடும் முறை எளிது. நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டும் பத்துக் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன என்று எழுதுங்கள். மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் கட்டுரை அந்த இதழ்களில் நடக்கும் உரையாடலுக்குத்தான் பதில். ஆசிரியர் குழுவில் இருவரைத் தேடி, அவர்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிரபல இதழின் பெயரில் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. இதழின் தனி அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்து அசல் முகவரியைச் சரிபாருங்கள்.

'3 நாளில் வெளியீடு, ஸ்கோப்பஸ் கேரண்டி, கூகுள் பே பண்ணுங்க' என்று வாட்ஸ்அப்பில் வருவதை என்ன செய்வது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற முடியாது, வேறு நல்ல இதழிலும் போட முடியாது. பத்து வருடம் கழித்தும் உங்கள் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வரும்.

கூட்டாக எழுதுவதென்றால் யார் பெயர், எந்த வரிசை என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே பேசுங்கள், எழுத்தில் வையுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை சொல்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவர் பெயரை மரியாதைக்குச் சேர்ப்பது இதில் எங்கும் பொருந்தாது. நேரடியாக மறுக்க முடியாத சூழலில், யார் எதைச் செய்தார் என்று குறிக்க 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட 'கிரெடிட்' (CRediT) பட்டியலைக் கூட்டத்தில் நீட்டி 'இதழ் இதைக் கேட்குது சார், யார் எதுன்னு நிரப்பணும்' என்பது பல நேரம் வேலை செய்கிறது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று சொல்லிவிடுங்கள்.

மதிப்பீட்டாளரின் கருத்துகள் வந்ததும் அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்து ஓர் அட்டவணை போடுங்கள்: முதல் நெடுவரிசையில் அவர் சொன்னது அப்படியே, இரண்டாவதில் உங்கள் பதில், மூன்றாவதில் திருத்திய பக்கமும் வரியும். ஒரு கருத்தைக்கூட விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் 'சரி, மாற்றிவிட்டேன்' என்று எழுதுபவர் கட்டுரையைச் சிதைத்துவிடுவார், ஏனென்றால் இரண்டு மதிப்பீட்டாளர்கள் எதிரெதிராகச் சொல்வது வழக்கம். ஏற்க முடியாததை ஏற்க முடியாது என்று ஆதாரத்தோடு மூன்று வரியில் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒரு நிபுணரிடம் அப்படி எழுதி, அதை அவர் ஒப்புக்கொண்ட பிறகு, 'நான் இன்னும் மாணவர்தானே' என்ற எண்ணம் பழையபடி இருக்காது.

கருத்தரங்கு, மதிப்பீடு, வகுப்பு

சான்றிதழுக்காக நடக்கும் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்துவிட்டு மதியச் சாப்பாட்டோடு கிளம்புவதில் எதுவும் வளராது. வருடத்துக்கு ஒன்று போதும், உங்கள் துறையின் ஆட்கள் நிஜமாகவே வருவதாக இருக்கட்டும். மூன்று அமர்வுகளிலாவது ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கும் முன் பெயரையும் ஆய்வுப் பொருளையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கைடு பெயரைச் சொல்ல வேண்டாம்.

கைடுக்கு மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரைகளில் ஒன்றைச் சேர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இதழாசிரியருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டும், சத்தமில்லாமல் மாணவரை எழுத வைப்பது ரகசியக் காப்பு மீறல். பொத்தான் தைக்கும் வேலையில் இதற்கு இணை இல்லை. பிறர் கட்டுரையில் ஓட்டையைக் கண்டவர் தன்னுடையதையும் அதே கண்ணால் பார்ப்பார்.

வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை வகுப்போ ஆய்வகமோ கொடுக்கலாம் என்று 2022 விதிமுறை சொல்கிறது. அதற்கு மேல் துறை அலுவலக வேலை, தேர்வு வேலை என்று சேர்ந்துகொண்டே போனால், எண்களோடு எழுதிக் கமிட்டியில் வைக்கலாம்.

பகுதிநேர ஆய்வாளர்கள்

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே படிப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. காலையில் நாற்பது பேருக்கு ஆசிரியர், மாலையில் கைடு முன் மாணவர். வகுப்பில் உறுதியாகச் சொல்லிப் பழகியவருக்குச் சந்தேகத்தோடு எழுதுவது வராது. முதல் இயல் பாடக்குறிப்பு மாதிரி இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் 45 நிமிடம், செல்போன் இல்லாமல் எழுதுவது, ஞாயிறு முழுதும் எழுதுவேன் என்ற வாக்குறுதியைவிடப் பலன் தரும். ஞாயிறு நம்முடையதாக இருப்பதில்லை.

'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்ற எண்ணம்

இரண்டாம் ஆண்டின் நடுவில் பலருக்கு வருவது: எல்லோருக்கும் தெரிகிறது, நான் மட்டும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். பாலின் க்ளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இலேயே, சாதித்த பெண்களிடம் இந்த நிலையைக் கண்டு பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கு இது கூடுதலாக அழுத்தும், வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. ஒரு கோப்பில் மாதம் ஒரு வரி எழுதுங்கள்: போன மாதம் செய்ய முடியாத எதை இந்த மாதம் செய்தேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் போனால் அது இந்த வகை இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

தீசிஸ், வைவா, அதற்குப் பிறகு

எழுதும்போது ஒவ்வொரு இயலின் முதல் பக்கத்திலும் 'இவ்வியல் சொல்வது' என்று ஒரு வாக்கியம் வைத்து, அச்சுக்கு முன் அவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள். வாதம் நகராத இடம் அப்பட்டமாகத் தெரியும். தமிழில் எழுதுபவர்கள் யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த தீசிஸ், இந்திய தீசிஸ்களின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறினாலும் எந்தத் தேடலிலும் அகப்படாது. இருந்தும் இல்லாத மாதிரி.

தீசிஸ் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனை பற்றி வதந்தி அதிகம். கருத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும், 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை, அதற்கும் மேல் என்றால் பதிவு ரத்து. முறையாகக் குறித்த மேற்கோள்களும் நூற்பட்டியலும் கணக்கில் வராது. எண்ணைக் குறைக்க ஒவ்வொரு சொல்லாக மாற்றுபவர்கள் வாக்கியத்தைக் கொன்றுவிடுகிறார்கள், திருட்டு அப்படியே இருக்கிறது. கட்டுரையை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து சரிபார்ப்பதே வழி.

வைவா, துறை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்து கேட்கலாம் என்ற திறந்த நிகழ்வு. வெளித் தேர்வாளர் அறிக்கைகளை முன்கூட்டியே வாங்கி, இதழ் மதிப்பீட்டுக்குப் போட்ட அதே மூன்று நெடுவரிசை அட்டவணையைப் போடுங்கள். 'இந்த முறையை ஏன் எடுத்தீர்கள்?' என்ற கேள்வி நிச்சயம் வரும். 'கைடு சொன்னாங்க' என்பது பதில் இல்லை. கைகட்டி நின்றபடி அதைச் சொன்னவர்கள் ஏராளம். நிராகரித்த இரண்டு முறைகளையும் நிராகரித்த காரணத்தையும் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள என்ன தரவு வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

பட்டம் வந்த பிறகு, உங்கள் கட்டுரையைப் படித்த யாரோ ஒருவர் 'அட்டவணை 4-இல் கூட்டல் இடிக்கிறதே' என்று மின்னஞ்சல் அனுப்பக்கூடும். அன்றைக்கே நன்றி சொல்லி, பார்ப்பதாக எழுதுங்கள். மூலத் தரவிலிருந்து மறுபடி கணக்குப் போடுங்கள், கூட்டாசிரியர்களுக்குத் தெரிவியுங்கள். பிழை உண்மை என்றால், அது முடிவை மாற்றுகிறதா இல்லையா என்று தெளிவாகக் குறித்து, இதழாசிரியருக்குத் திருத்த அறிவிப்புக் கோரி எழுதுங்கள். அது பெரும்பாலும் டிஓஐ என்ற தனி இணைய அடையாள எண்ணோடு வெளியாகும். சுட்டிக்காட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரை அதில் நன்றியாகச் சேர்க்கலாம். அந்த அறிவிப்பும் உங்கள் ஆர்கிட் பட்டியலில் இருக்க வேண்டும்.